ஆவாரம்பட்டை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் ஆவாரம்பூ கிடைக்கும். காய்ந்து மங்கிய மஞ்சள் பூ, பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும். சர்க்கரை வியாதிக்கு என்று சிலர் வாங்குகிறார்கள், உடம்புச் சூடு தணிய என்று சிலர், முகத்துக்குப் பூச என்று இளம்பெண்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியைக் கடைக்காரர் சொல்லாமல் விட மாட்டார். ஆவாரம்பட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "பட்டையை வெச்சு என்னங்கய்யா செய்யப் போறீங்க?" என்றுதான் பதில் வரும்.

அவர் கேட்பது நியாயம்தான். இன்று பட்டைக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி மிக நீண்ட காலத்துக்கு, சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய பதனிட்ட தோலில் பெரும்பகுதி இந்தப் பட்டைச் சாற்றில் ஊறியது. பூவைப் பாடினோம், சாமிக்குச் சூட்டினோம், கஷாயம் வைத்துக் குடித்தோம். பட்டையை உரித்தவர்களைப் பற்றி எழுதி வைத்தது மிகக் குறைவு. உரித்தவர்களில் ஒருத்தி என் அப்பாயி. அதனால் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

நான் கெலுகோரில் பிறந்து வளர்ந்தவன். மிண்டன் மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், நூல் கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் அப்பா மலாயாவுக்கு வருமுன் திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் இருந்தவர். அவர் தோல் பதனிட்டார், நான் தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்களுக்கு வைத்தியம் பார்த்தேன். அவர் வேலைக்கும் என் வேலைக்கும் நடுவே ஒரு வறண்ட காட்டுச் செடி நிற்கிறது என்பது எனக்கு நடுவயதில்தான் புரிந்தது.

மலேசியாவில் பிறந்த தமிழர்களில் ஆவாரஞ்செடியைச் செடியாகப் பார்த்தவர்கள் குறைவு. எங்கள் தீவில் மழைக்கு ஓய்வு கிடையாது. ஆவாரைக்கு வேண்டியது செம்மண், சரளை, வெயில், ஆண்டில் சில மாதம் மட்டும் பெய்யும் மழை. திண்டுக்கல், கரூர், தாராபுரம் பக்கம் கரட்டு மேடுகளிலும் சாலை ஓரத்திலும் யாரும் விதைக்காமல் தானாக முளைத்து இடுப்பளவு, நெஞ்சளவு வளர்ந்து நிற்கும். பயறும் புளியும் அவுரியும் வன்னியும் சேர்ந்த அவரைக் குடும்பத்துச் செடிதான் இதுவும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிந்து தொங்கும். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் மகரந்தத் தண்டுகள் பத்து இருக்கும், ஆனால் மேல்பக்கத்து மூன்றும் மலடு. மற்றவற்றில் மகரந்தம் நுனித் துளைக்குள் அடைபட்டுக் கிடக்கும். கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரிக்கும்போது அந்த அதிர்ச்சியில்தான் தூள் வெளியே சிந்தும். தேனுக்காக வருகிற வண்டு இல்லை அது, மகரந்தத்துக்காகவே வருகிறது.

சங்க காலத்திலேயே இந்தப் பூவுக்குப் பெயர் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத இளைஞன் பனை மடலால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வரும்போது, அந்தக் குதிரைக்குச் சூட்டிய பூக்களிலும் ஆவிரை இருந்தது. இன்றும் கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல் நாள் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கட்டி வீட்டு இறவாணத்தில் காப்புச் செருகுகிறார்கள். தெலங்கானா மாநிலம் 2014இல் பிறந்தபோது இதையே மாநில மலராக எடுத்துக்கொண்டது. அங்கே பதுக்கம்மா பண்டிகைக்குப் பூ அடுக்கும்போது இது இல்லாமல் முடியாது. இலங்கையின் உலர் வலயத்தில் இந்தப் பூவைத் தேநீராகக் குடிக்கிறார்கள். பூவின் கதை இப்படி ஊர் ஊராக நீளும். நான் பட்டைக்கு வருகிறேன்.

ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு 18 பங்கு அளவில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. வாழைப்பூவையோ மாவடுவையோ கடித்தால் நாக்கைப் பிடிக்கிறதே, அந்தச் சத்துத்தான் செத்த மாட்டின் தோலையும் பிடித்து இறுக்கி, அழுகாத தோலாக மாற்றுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. கிணற்றில் கமலை இறைக்க மாடு பூட்டிய நாளெல்லாம் தண்ணீர் மொள்ளும் சாலுக்குத் தோல் வேண்டியிருந்தது. அந்தத் தோல் நாள் முழுக்க நனைந்து, மறுநாள் காய்ந்து, மீண்டும் நனைந்து வருடக்கணக்கில் தாங்க வேண்டும். அதைப் பதனிட்டுக் கொடுத்தவர்களின் குடியிருப்பை ஊர் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. அவர்கள் தைத்த சாலில் வந்த தண்ணீர்தான் வயலுக்குள் பாய்ந்தது.

இது ஏற்றுமதித் தொழிலாக மாறியது 1840களில். புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டிசோசா என்ற யூரேசியர் சென்னையில் பதனிடும் முறையைத் திருத்தி அமைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். ஊர்முறையில் பதனிட்ட தோலை வெளிநாட்டு வியாபாரி வாங்க மாட்டான். பக்குவம் ஒரே சீராக இருக்காது, நாற்றமும் போகாது. புதிய முறையில், மயிர் உதிரப் போட்ட சுண்ணாம்பை நன்றாகக் கழுவி எடுத்தார்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் படிப்படியாக ஊற வைத்தார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கினார்கள். கடுக்காய் எதற்கென்றால், ஆவாரையில் மட்டும் ஊறிய தோல் முதலில் வெளிர் மஞ்சளாக அழகாக இருக்கும், வெயில் பட்டால் செம்மை ஏறிவிடும். கடுக்காய் அதைத் தடுத்தது. பிறகு எண்ணெய் பூசி நிழலில் உலர்த்தினார்கள். இப்படித் தயாரான மாட்டுத் தோலுக்கு லண்டன் சந்தையில் ஈஸ்ட் இந்தியா கிப்ஸ் என்று பெயர். ஆட்டுத் தோலுக்குப் பெர்சியன் என்று பெயர். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது போனது சென்னைப் பெரியமேட்டிலிருந்து.

அப்பா வேலை செய்த இடம் திண்டுக்கல் பேகம்பூர். அந்தத் தோல் ஷாப்புகளைப் பற்றி அவர் பேசிய பேச்சில் பாதிக்கு மேல் குழிகளைப் பற்றித்தான். சுண்ணாம்புக் குழி, பட்டைக் குழி, கடுக்காய்த் தொட்டி. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவனுக்கு விரல் இடுக்கெல்லாம் அரித்து ஓட்டை விழும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கையால் பிசைந்து சாப்பிட முடியாது. பட்டைக் குழிக்கு மாறினால் புண் ஆறும், ஆனால் துவர்ப்பில் தோல் விறைத்துப் போகும். "மாட்டுத் தோலுக்குப் பண்றதத்தானே நம்ம கைக்கும் பண்ணுது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்ததில்லை.

குழியில் இரும்பு படக்கூடாது என்பது முதல் விதி. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருத்துவிடும். பழைய காலத்தில் எழுதும் மை செய்ததே அந்தக் கூட்டில்தான். ஓர் ஆணி விழுந்தால் போதும், தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து விலை பாதியாகிவிடும். அதனால் எல்லாம் மரமும் கல்லும் சுண்ணச் சாந்தும்தான். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க மேஸ்திரி தோலின் ஓரத்தில் சின்னக் கத்தியால் ஒரு கீறு போட்டு வெளிச்சத்தில் பிடிப்பார். வெட்டுவாயில் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம் ஓடினால் தோல் வெந்துவிட்டது என்று பொருள். நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் மறுபடி குழிக்கு. தடித்த மாட்டுத் தோலுக்கு இப்படி வாரக்கணக்கில் ஆகும். அந்த வெள்ளைக் கோட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரிந்த நாளில் தனக்குக் கூலி உயர்ந்தது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். மலாயாவில் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி துறைமுகத்தில் மூட்டை தூக்குவதில் கழிந்தது. திண்டுக்கல்லில் கற்ற அந்தக் கண் பார்வைக்கு இங்கே விலை கொடுக்க ஆள் இல்லை.

அப்பாயி இருந்தது வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்தில். மழை பெய்து செடி துளிர்க்கும் பருவத்தில் பட்டை தண்டிலிருந்து எளிதில் கழன்று வரும். பொழுது விடியுமுன் பெண்களும் பிள்ளைகளும் அரிவாளோடு கரட்டுக்குப் போவார்கள். தண்டை வெட்டி, கட்டையால் தட்டி, நுனியில் கீறி, நீள நீளமாக உரித்து எடுப்பார்கள். அன்றே வெயிலில் விரித்துவிட வேண்டும். பட்டை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், தரகர் எடுத்துக்கொள்ள மாட்டார். காய்ந்ததைக் கட்டாகக் கட்டி மணங்குக் கணக்கில் எடை போடுவார்கள். பச்சையில் பெரிய சுமையாக இருந்தது காய்ந்தால் சுருங்கிப் போகும், கூலி காய்ந்த எடைக்குத்தான். அரிவாளின் இரும்பும் பட்டையின் சாறும் பட்டுப் பட்டு அப்பாயியின் விரல்கள் நகக்கண் வரை கறுத்திருந்தனவாம். கல்யாண வீட்டில் அந்தக் கையைப் பார்த்தே இன்ன வேலைக்காரி என்று தெரிந்துகொண்டு தனியாக உட்கார வைப்பார்கள் என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். மைக்கும் அந்தக் கறைக்கும் ரசாயனம் ஒன்றுதான். எழுதுகிறவன் விரலில் பட்டால் மரியாதை, உரிக்கிறவள் விரலில் பட்டால் தீட்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கரட்டிலிருந்து தரகர், தரகரிடமிருந்து தோல் ஷாப்பு, அங்கிருந்து பெரியமேடு, பெரியமேட்டிலிருந்து லண்டனில் பெர்மாண்ட்சித் தோல் சந்தை என்று அந்தச் சங்கிலி போயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பூட்ஸ் தைக்க மேல்தோல் வேண்டியிருந்தது. சென்னைத் தோலை அரசே வாங்கத் தொடங்கியது. பிரான்சின் சேற்றில் நின்ற சிப்பாயின் காலில் இருந்தது ஆவாரம்பட்டை குடித்த தோல். போர் முடிந்ததும் இந்தத் தொழில் தளரக்கூடாது என்று 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 வரி போட்டார்கள், பேரரசுக்குள் போனால் அதில் 10 தள்ளுபடி. நான்கே ஆண்டில் அந்த வரியை 5ஆகக் குறைத்தும் விட்டார்கள்.

தோல் பணம் ஊருக்கும் பயன்பட்டது, அதையும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தோன்றியது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951இல் நிறுவிய ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் தோல் வணிகர்கள். ராவுத்தர்களும் லப்பைமார்களும் இந்தத் தொழிலை எடுத்து நடத்தினார்கள், சம்பாதித்ததில் ஒரு பங்கைப் படிப்புக்குக் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாச் சாதியிலும் மதத்திலும் உண்டு. பட்டை உரித்தவர்களின் பிள்ளைகள் அங்கே வந்து சேரத்தான் அதிக காலம் ஆயிற்று.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நூலகத்தில் சில பழைய ஆங்கிலப் புத்தகங்கள் கைக்கு வரும். தோல் முதுகு, பொன்னெழுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியவை. எடுத்தால் கையெல்லாம் செம்மண் போலச் சிவப்புத் தூள். முதுகு மடிப்பில் தோல் வெடித்து, சட்டையில் உதிர்ந்து, துடைத்தாலும் போகாது. நூல் கட்டுகிறவர்கள் இதற்குச் சொல்லும் பெயரைத் தமிழில் செவ்வழுகல் என்று சொல்லலாம், தோலுக்கு வரும் தீராத நோய். ஈரக் காற்றுதான் காரணம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் டக்ளஸ் காக்கரெல் என்ற ஆங்கிலேய நூல் கட்டுநரின் புத்தகம் கிடைத்தது, 1901இல் எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் லண்டன் கலைக் கழகம் அமைத்த ஒரு குழுவின் கதை தெரிந்தது.

நூலகத் தோல் ஏன் இவ்வளவு விரைவாகப் பொடியாகிறது என்று ஆராய 1900இல் அந்தக் குழுவை அமைத்தார்கள். காக்கரெல் அதில் உறுப்பினர், கார்டன் பார்க்கர் என்ற தோல் வேதியியலாளர் சோதனைகள் செய்தார். அவர்கள் எந்தத் தோலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள் தெரியுமா? சென்னையிலிருந்து போன பெர்சியன் ஆட்டுத் தோலை. டர்வார் பட்டையில் பதனிட்டது என்று அதைக் குறித்தார்கள். டர்வார் என்பது இந்துஸ்தானி வழியாகப் போன பெயர், செடி நம் ஆவாரைதான். துவர்ப்புச் சத்தில் இரண்டு வகை உண்டு. சுமாக் இலை போன்றவற்றில் இருப்பது ஒரு வகை, ஆவாரையில் இருப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகை வெளிச்சத்தில் சிவக்கும், விளக்கில் எரியும் வாயுவிலிருந்து வரும் கந்தக அமிலத்தைத் தாங்காது. அந்தக் காலத்து நூலகங்களில் வாயு விளக்குத்தானே. ஆக, புத்தகம் கட்ட இந்தத் தோல் ஆகாது என்று குழு தீர்ப்புச் சொன்னது. மலாயாவின் காம்பீரும் ஆஸ்திரேலிய வாட்டில் பட்டையும் அதே பட்டியலில் இருந்தன, ஆனால் ஆவாரைக்குத்தான் பெயர் அதிகம் கெட்டது.

அதைப் படித்த அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பூட்ஸுக்கும் சாலுக்கும் பதம் போட்ட தோலு தம்பி அது. மலிவா கிடைக்குதுன்னு சீவி மெலிசாக்கிப் புஸ்தகத்துல ஒட்டுனவன் யாரு? அவனக் கேக்கச் சொல்லு" என்றார். எனக்கு அதைவிடச் சரியான தீர்ப்பு இன்னும் கிடைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் வருடக்கணக்கில் உழைத்த தோலை, காகிதம் போலச் சீவி அலமாரியில் வாயு விளக்கின் கீழே வைத்துவிட்டுப் பட்டையைக் குறை சொன்னது தவறு. ஒவ்வொரு பதத்துக்கும் ஒரு வேலை உண்டு.

அப்பா மலாயாவுக்கு வந்தது 1937இல், ரஜூலா கப்பலில், நாகப்பட்டினம் வழியாக. அடுத்த ஆண்டு ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் பிடித்து அனுப்புவதையே நிறுத்திவிட்டது. கெலுகோர் அப்போது தென்னந்தோப்பும் கம்பத்து வீடுகளும் கரையோரம் மீனவர்களுமாக இருந்தது. டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நூறாண்டுக்கு முன் வாசனைப் பயிர் போட்ட தோட்டத்தின் பெயர்தான் ஊருக்கு மிஞ்சியிருந்தது. பினாங்குப் பாலமும் பல்கலைக்கழகமும் பிறகு வந்தவை. வந்த புதிதில் அப்பா கடற்கரைப் பக்கம் நடந்தபோது, மலாய்க்கார மீனவர் ஒருவர் பெரிய தகர டிரம்மில் ஏதோ பட்டையைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் கருஞ்சிவப்பு. பருத்தி வலையை அதில் முக்கி எடுத்துக் காயப் போட்டார். பக்கத்தில் நின்று மோந்து பார்த்த அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பேகம்பூர் பட்டைக் குழியின் வாசனை. அது பாக்காவ் மரப் பட்டை, சதுப்பு நிலத்தில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரம். உப்புத் தண்ணீரில் வலை இற்றுப் போகாமலிருக்க அந்தத் துவர்ப்பு உதவியது. நைலான் வலை வரும் வரை இந்தக் கரையெல்லாம் அந்த வழக்கம் இருந்தது. சிறுவனாக நானும் அந்த டிரம்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் தோல் கிடைக்காமல் போனபோது அப்பா அந்தப் பாக்காவ் பட்டையை வாங்கி, மண் தொட்டியில் ஊற வைத்து, வெட்டிய ஆடுகளின் தோலைப் பதனிட்டார். கடுக்காய் கிடைக்கவில்லை, தேங்காய் எண்ணெய்தான் பூசினார். தோல் கருஞ்சிவப்பாகவும் கொஞ்சம் விறைப்பாகவும் வந்தது, ஆனால் நாற்றம் இல்லை, அழுகவில்லை. அதில் தைத்த செருப்புக்கு மரவள்ளிக் கிழங்கும் உப்புமீனும் மாற்றாகக் கிடைத்தன. அந்தக் கிழங்கில்தான் குடும்பம் பிழைத்தது என்று அம்மா சொல்வாள். போர் முடிந்ததும் அப்பா தொட்டியை உடைத்துப் போட்டுவிட்டார். இங்கே யாருக்கும் தன் பழைய தொழில் தெரிய வேண்டாம் என்று நினைத்தார். கடல் தாண்டி வந்தும் அந்தப் பயம் கூடவே வந்தது.

அந்த நேரத்தில் தமிழ்நாட்டிலேயே ஆவாரைக்கு இறங்குமுகம் தொடங்கிவிட்டது. முதல் எதிரி அதே அவரைக் குடும்பத்து வாட்டில் மரம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, 1864இல் விதையாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், அங்கே தோட்டம் தோட்டமாகப் பெருகியது. பட்டையில் துவர்ப்பு நூற்றுக்கு 30க்கும் மேல். காட்டில் ஆள் விட்டு உரிக்கத் தேவையில்லாமல் துறைமுகத்தில் மூட்டையாக வந்து இறங்கியது. 1946இல் நேட்டால் இந்தியர்களின் நில உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்ததும், தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை இந்தியா அறுத்துக்கொண்டது. அது சரியான முடிவு. ஆனால் தோல் ஷாப்புகள் அதற்குள் வாட்டிலுக்குப் பழகிவிட்டன. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை எடுத்து அங்கே வாட்டில் நட்டார்கள். சோலைக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தப் புல்வெளிகள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தவை. இப்போது அதே மரங்களை அகற்ற நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது. காலடியில் முளைத்த செடியை விட்டுவிட்டு மலைமேல் அயல் மரம் நட்டதற்கு இது விலை.

இரண்டாவது எதிரி குரோம் உப்பு. அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் உரிமம் பெற்ற முறை அது. வாரக்கணக்கு வேலை நாள்கணக்காகச் சுருங்கியது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சோதனை தொடங்கினார், கமலைச் சாலுக்குக் குரோம் தோல் செய்து பார்த்தார். பல்லாவரம் பக்கம் சேம்பர்ஸ் நிறுவிய குரோம் தோல் கம்பெனியால்தான் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே வந்தது. 1973க்குப் பிறகு பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடும் வந்தன. முடிந்த சரக்காகத்தான் போக வேண்டும் என்ற கொள்கை. அதில் ஈஸ்ட் இந்தியா தோல் பெரும்பாலும் அடங்கிப்போனது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் குரோமில் பெருகின. பாலாற்றங்கரைக் கிணறுகள் என்ன ஆயின என்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் எழுதிய தீர்ப்பில் படிக்கலாம். பட்டைக் குழியின் கழிவும் நல்ல தண்ணீர் இல்லை, சுண்ணாம்பும் உப்பும் அங்கேயும் உண்டு. ஆனால் அது அந்த அளவுக்கு நிலத்தைக் கெடுத்ததாக யாரும் சொல்லவில்லை. இன்று திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் தாவரப் பதம் போடும் சில இடங்கள் மிஞ்சியிருக்கின்றன, ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். அதற்கு 2012இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் பேச மறுத்த பாதிக் கதை அதில் இருக்கிறது என்று நினைத்துப் படித்தேன். குழிக்குள் நின்றவர்கள் எழுத்தில் ஏறிவிட்டார்கள். கரட்டில் பட்டை உரித்த பெண்கள் ஏறவில்லை. அவர்களுடைய பெயர் கூலிப் புத்தகத்திலும் கிடையாது, ஏனென்றால் தரகர் எடை போட்டது கட்டுகளைத்தான்.

மலேசியாவில் நம் குடும்பங்களில் திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களில் யாருடைய தாத்தா குழியில் நின்றார், யாருடைய பாட்டி பட்டை உரித்தாள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்லத் தயங்குவார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. பொறுமையாகக் கேட்டு, எந்த ஊர், எந்தக் கரடு, என்ன கூலி, என்ன பெயர் என்று எழுதி வையுங்கள். கேட்கக் கிடைப்பவர்கள் இன்னும் சில பேர்தான் இருக்கிறார்கள். என் அப்பாயியின் பெயர் கருப்பாயி.